நாலாயிரம் வாக்குகளின் தூரம்: திருகோணமலையின் நான்கு ஆசனங்களும் நாம் பேச மறுக்கும் கணக்கும்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தில் வீட்டுச் சின்னத்துக்கு 34,168 வாக்குகள் விழுந்தன. அவற்றில் நாலாயிரம் குறைந்திருந்தால், இன்று தமிழ்த் தேசியக் கட்சிகளின் சார்பில் திருகோணமலையிலிருந்து நாடாளுமன்றத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். நாலாயிரம் என்பது பெரிய தொகையன்று. பாலையூற்றிலும் அதைச் சுற்றியுள்ள ஓரிரு கிராம சேவகர் பிரிவுகளிலும் தேர்தலன்று மழை கொட்டி, மக்கள் வீட்டோடு இருந்திருந்தால் போதும்.

தேர்தல் முடிந்த கையோடு இதை யாரும் விளக்கமாகப் பேசவில்லை. ஆசனம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியோடு கதை முடிந்தது. அடுத்த தேர்தல் வரும்போது மறுபடியும் மேடைகளில் 'ஒற்றுமை' என்ற சொல் ஒலிக்கும். ஒரு கட்சி இன்னொரு கட்சியைத் துரோகி என்னும். யாழ்ப்பாணத்தில் எடுத்த முடிவு திருகோணமலைக்கும் பொருந்தும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். ஆனால் இந்த மாவட்டத்தில் ஒற்றுமை என்பது முதலில் எண்கணிதம். அந்தக் கணக்கை இயற்றியது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும். ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

திருகோணமலைக்கு நான்கு ஆசனங்கள். மாவட்டத்தில் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு முதலாவது ஆசனம் போனஸாகப் போய்விடும். மிகுதி மூன்று. ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளின், சுயேச்சைக் குழுக்களின் வாக்குகள் கணக்கிலிருந்து கழிக்கப்படும். எஞ்சிய வாக்குகளின் கூட்டுத்தொகையை மூன்றால் வகுத்தால் வருவது ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையை முழுமையாகச் செலுத்தக்கூடிய கட்சிக்கு ஆசனம் உடனே கிடைக்கும். பின்னர், கையில் மிஞ்சியிருக்கும் வாக்குகளில் யாருடையது பெரியது என்று பார்த்து மீதி ஆசனங்கள் பகிரப்படும்.

2024இல் தேசிய மக்கள் சக்தி 87,031; ஐக்கிய மக்கள் சக்தி 53,058; தமிழரசுக் கட்சி 34,168. வேறெந்தப் பட்டியலும் ஐந்து வீதத்தைத் தாண்டவில்லை. மூன்றையும் கூட்டினால் 174,257. மூன்றால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 58,086. போனஸ் ஆசனம் தேசிய மக்கள் சக்திக்கு. முழு விலையைச் செலுத்தக்கூடியதும் அவர்கள் மட்டுமே, அதனால் இன்னொன்று. அதன் பிறகு அவர்கள் கையில் 28,945 வாக்குகள் மிச்சம். எஞ்சிய இரண்டு ஆசனங்களுக்கும் போட்டி 53,058, 34,168, 28,945 ஆகிய மூன்று எண்களுக்கிடையில். முதல் இரண்டும் வென்றன.

இப்போது தமிழரசுக் கட்சியின் நாலாயிரம் வாக்குகள் ஒரு சிறிய தமிழ்ப் பட்டியலுக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ போயிருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் ஐந்து வீதத்தை, அதாவது ஏறத்தாழ பத்தாயிரம் வாக்கை எட்டியிருக்காது. அதனால் அதன் வாக்குகள் கணக்கிலேயே இருக்காது. கூட்டுத்தொகை 170,257 ஆகும். ஆசனத்தின் விலை 56,753 ஆக இறங்கும். விலை இறங்கியதால் தேசிய மக்கள் சக்தியின் மிச்சம் 30,278 ஆக ஏறும். தமிழரசுக் கட்சியிடம் இருப்பது 30,168. நூற்றிப்பத்து வாக்கு வித்தியாசத்தில் ஆசனம் கைமாறியிருக்கும். பிரிந்துபோகும் வாக்கு நமது பெட்டியில் குறைவதோடு நிற்பதில்லை, எதிரே நிற்பவரின் மிச்சத்தையும் வளர்க்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதே வாக்குகள் நேரடியாகத் தேசிய மக்கள் சக்திக்கே போயிருந்தால் நாலாயிரம்கூட வேண்டியதில்லை, 2,612 போதும்.

ஐந்து வீத வெட்டுப்புள்ளி என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 1988இல் பதினைந்தாம் திருத்தத்தின் மூலம் அது பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்துக்கு இறக்கப்பட்டது. அதற்கு முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் கொடுத்த அழுத்தமே காரணம் என்பது அறிந்த கதை. ஆனால் நான்கு ஆசன மாவட்டத்தில் அந்த ஐந்து வீதம் வெறும் காகித எண். 2024இன் கணக்கில் திருகோணமலையில் ஒரு கட்சி உள்ளே நுழைய 15 வீதம் வரை தேவைப்பட்டது.

இதே தேர்தலில் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அங்கே ஆறு ஆசனங்கள். தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளோடு, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான வாக்குகளோடு, மூன்று ஆசனங்களைப் பெற்றது. தமிழரசுக் கட்சி 63,327 வாக்குகளோடு ஒன்று. தமிழ்க் காங்கிரஸ் 27,986 வாக்குகளோடு ஒன்று. பதினேழாம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855 வாக்குகளோடு ஒன்று. வாக்குப் பிரிந்ததால் தமிழ்த் தேசியத் தரப்பு அங்கே இழந்தது உண்மை. ஆயினும் இருபத்தெட்டாயிரம் வாக்குக்கு அங்கே ஓர் ஆசனம் கிடைத்தது. கூடவே, எந்தப் பட்டியல் வென்றாலும் யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் பெரும்பாலும் தமிழராகவே இருப்பார். அந்த இரண்டு வசதியும் திருகோணமலைக்கு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிரிவது ஓர் ஆசனத்தைக் குறைக்கும். இங்கே பிரிவது இருக்கும் ஒன்றையே அழிக்கும்.

2024இல் இங்கே அது நடக்காமல் போனதற்குக் காரணம், சிவில் சமூகத்தினரும் மதத் தலைவர்களும் இடையில் நின்று பேசி, யாழ்ப்பாணத்தில் தனித்தனியாக மோதிக்கொண்ட தமிழரசுக் கட்சியையும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியையும் இங்கே ஒரே சின்னத்தின் கீழ் நிறுத்தியதுதான். அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் நாலாயிரம் வாக்குப் பிரிவது ஒன்றும் அதிசயமாக இருந்திருக்காது.

பழைய கணக்குகளும் இதையே சொல்கின்றன. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் திருகோணமலைத் தமிழர்கள் தம் கட்சியின் சார்பில் ஒருவரையும் அனுப்ப முடியாமல் போனது. அந்த அதிர்ச்சியும் 2001 ஒக்டோபரில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதற்கு ஒரு காரணம். அதே ஆண்டு டிசம்பரில் இரா. சம்பந்தன் வென்றார். 2004இல் கூட்டமைப்புக்கு 68,955 வாக்குகள். மாவட்டத்தில் முதலிடம், அதனால் போனஸ் ஆசனத்தோடு இரண்டு உறுப்பினர்கள். 65,187 வாக்குகள் எடுத்த முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்றுதான். 3,768 வாக்கு வித்தியாசம் ஓர் ஆசன வித்தியாசமாக மாறியது. போனஸ் ஆசனம் யார் பக்கம் விழுகிறதோ அவருக்கு அது நியாயமாகவே தெரியும். 2004இல் நாமும் குறை சொல்லவில்லை.

2020இல் 39,570. 2024இல் 34,168. குறைந்தது 5,402 வாக்குகள்தான். ஆனால் 2020இல் ஆசனத்தைத் தவறவிடுவதற்கு இடையே இருந்த இடைவெளி 18,058. 2024இல் அது 5,223. காரணம், பெரிய கட்சிகளின் வாக்குகள் வேறு விதமாக அமைந்தன. நம் வாக்கு அப்படியே இருந்தாலும், மற்றவர்களுடைய வாக்கு எப்படிப் பிரிகிறது என்பதைப் பொறுத்து நம் ஆசனம் நிலைக்கலாம், போகலாம். இப்படித் தொங்கும் பிரதிநிதித்துவத்தை உறுதியான ஒன்று என்று நினைத்துக்கொண்டு கட்சிக்குள் தலைமைப் போட்டி நடத்துவது எனக்குப் பொறுப்பின்மையாகவே படுகிறது.

அம்பாறையில் 2020இல் இது நடந்தே விட்டது. கருணா அம்மான் போட்டியிட்ட பட்டியல் 29 ஆயிரத்துக்கு மேல் எடுத்தது. தமிழரசுக் கட்சி 25 ஆயிரமளவில். இரண்டும் சேர்ந்திருந்தால் ஓர் ஆசனம் நிச்சயம். தனித்தனியே நின்றதில் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. பின்னர் தேசியப் பட்டியல் ஆசனத்தை அம்பாறைக்குக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

அப்படியானால் இந்த விகிதாசார முறையை விட்டுப் பழைய தொகுதி முறைக்குப் போவது நல்லதா? நம்மில் பலர், குறிப்பாக மூத்தவர்கள், அப்படித்தான் சொல்கிறார்கள். '77இல் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார்' என்பார்கள். உண்மைதான். 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 வீத வாக்குகளோடு 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. சுதந்திரக் கட்சி ஏறத்தாழ முப்பது வீத வாக்குப் பெற்றும் எட்டு ஆசனங்களோடு நின்றது. ஏழு வீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு. சிறுபான்மை ஓரிடத்தில் செறிந்து வாழ்ந்தால் தொகுதி முறை அதைத் தூக்கி நிறுத்தும். நாடு முழுவதும் பரந்த இரண்டாவது கட்சியை நசுக்கும்.

கனடாவில் 1993இல் நடந்ததும் இதுவே. கியூபெக்கில் மட்டும் போட்டியிட்ட புளொக் கியூபெக்குவா, 13.5 வீதத்தோடு 54 ஆசனங்கள் பெற்று எதிர்க்கட்சியானது. அதுவரை ஆட்சியிலிருந்த முற்போக்குப் பழமைவாதக் கட்சி பதினாறு வீத வாக்குகளோடு இரண்டே ஆசனங்களுக்குச் சுருங்கியது. நாட்டைப் பிரிக்கக் கேட்ட கட்சி ஒன்று நாட்டின் எதிர்க்கட்சி. ரொறன்ரோவில் அப்போது குடியேறிக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்காது.

ஆனால் 1977ஐப் புகழும்போது திருகோணமலையிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு முன்பு மூதூர் ஓர் இரட்டை அங்கத்தவர் தொகுதி. பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் ஒரே தொகுதியிலிருந்து இருவர் தெரிவாகட்டும் என்று செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1970இல் மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் உறுப்பினரும், தமிழரசுக் கட்சியின் அ. தங்கத்துரையும் சேர்ந்தே நாடாளுமன்றம் போனார்கள். பிறகு 1976இன் எல்லை மீள்நிர்ணயத்தில் சேருவில தனித் தொகுதியாக உருவானது. 1977இல் மாவட்டத்தின் மூன்று ஆசனங்களில் திருகோணமலைத் தொகுதியைச் சம்பந்தன் வென்றார். மூதூரும் சேருவிலவும் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போயின. சம்பூரிலும் கிளிவெட்டியிலும் ஈச்சிலம்பற்றிலும் வாழ்ந்த தமிழர்கள், தாங்கள் தெரிவுசெய்த உறுப்பினர் இல்லாமல் போனார்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்த அதே தேர்தலில்தான் இதுவும் நடந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரமாக அமைந்த முறை மூதூர்த் தமிழருக்குச் சாபமாக அமைந்தது.

தொகுதி முறையில் இன்னொன்றும் இருக்கிறது. கோடு யார் கிழிப்பது? விகிதாசார முறையில் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி, கிழிக்கக் கோடில்லை. குடியேற்றம், வர்த்தமானி, தொல்லியல், வனத் திணைக்களம் என்று நிலத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கோடு கிழிக்கப்படும் மாவட்டம் இது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைகளுக்கான ஜனாதிபதி செயலணி அறிவிக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தச் செயலணியில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. எல்லை நிர்ணயக் குழு மட்டும் வேறு மாதிரி அமையும் என்று நம்புவதற்கு நம் அனுபவம் இடம் தரவில்லை.

பெரும்பான்மையை ஊதிப் பெருப்பிப்பது தொகுதி முறையின் தனிக் குணமும் அன்று. பிரித்தானியாவில் 2024இல் தொழிற்கட்சி 33.7 வீத வாக்குகளோடு 650இல் 411 ஆசனங்களைப் பெற்றது. 14 வீதம் பெற்ற ரிஃபோர்ம் கட்சிக்கு ஐந்து. மொரீஷியஸில் அதே ஆண்டு நவம்பரில், அறுபது வீதத்தைச் சற்றே தாண்டிய கூட்டணி, தெரிவுசெய்யப்படும் 62 ஆசனங்களில் அறுபதை எடுத்தது. நம் நாட்டில், விகிதாசாரம் என்று பெயர் வைத்த முறையிலேயே, 61.56 வீத வாக்குகள் 159 ஆசனங்களாகின. 22 மாவட்டங்களில் மட்டக்களப்பைத் தவிர 21இன் போனஸ் ஆசனங்களும் ஒரே கட்சிக்குப் போனது அதற்கு ஒரு காரணம். பெயரைப் பார்த்து முறையை மதிப்பிட முடியாது. மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம், போனஸ் உண்டா, வெட்டுப்புள்ளி எவ்வளவு, மிச்ச வாக்கை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மிகச் சிறிய சமூகங்களை எந்தக் கணக்காலும் காப்பாற்ற முடியாது. அதற்குப் பாலையூற்றை விட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. இங்கே லூர்து அன்னை ஆலயத்தைச் சுற்றிப் பறங்கியர் குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்னும் பேசுகிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சோல்பரி அரசியலமைப்பில் தேர்தலால் இடம் கிடைக்காத சமூகங்களுக்கென ஆறு நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். பறங்கியருக்கும் அதில் இடமிருந்தது. 1972 குடியரசு அரசியலமைப்பு அதை ஒழித்தது. நமக்கு ஓர் ஆசனம் போய்விடுமோ என்று நாம் பதறுகிறோம். நம் அயலவர்கள் அந்தப் பதற்றத்தையே கடந்து அரை நூற்றாண்டாகிறது.

உலகில் இதற்கு வெவ்வேறு விடைகள் தேடியிருக்கிறார்கள். ஜேர்மனியில் ஐந்து வீத வெட்டுப்புள்ளி உண்டு. ஆனால் தேசியச் சிறுபான்மையினரின் கட்சிகளுக்கு அது பொருந்தாது. அந்த விலக்கினால் 2021இல் டேனிஷ் சிறுபான்மையினரின் கட்சி, 55 ஆயிரமளவு வாக்கோடு, கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனம் பெற்றது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867 முதல் தனித் தொகுதிகள், இப்போது ஏழு. 2023இல் அவற்றில் ஆறை மாவோரிக் கட்சி வென்றது, நாடளாவிய கட்சி வாக்கில் மூன்று வீதமளவே பெற்றிருந்தும். மொரீஷியஸில் தோற்றவர்களுள் சிறந்தவர்கள் என்று எட்டுப் பேருக்கு இன அடிப்படையில் இடமளிக்கிறார்கள். ஆனால் அதற்குப் பயன்படுத்துவது 1972இன் குடிசனக் கணக்கு. ஒரு தலைமுறைக்கு முன்னர் எண்ணிய எண்ணில் மனிதரைப் பூட்டி வைப்பது அந்த முறையின் நோய். இன ஒதுக்கீட்டை இங்கே கேட்பது எனக்கு உவப்பில்லை. திருகோணமலை போன்ற மாவட்டத்தில் அது ஒவ்வொரு மீள்குடியேற்றத்தையும் ஒவ்வொரு பிறப்பையும் தேர்தல் கணக்காக்கிவிடும்.

எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தெரிவது வட அயர்லாந்தின் வழி. அதுவும் போரிலிருந்து மீண்ட இடம். அங்கே சட்டசபைக்கு 18 தொகுதிகள், தொகுதிக்கு ஐவர். வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேட்பாளர்களை வரிசைப்படுத்துவார். முதல் தெரிவு வெல்லாவிட்டால் அந்த வாக்கு குப்பைக்குப் போகாது. இரண்டாவது தெரிவுக்கு மாறும். அயர்லாந்துத் தேசியவாதிகள் இரண்டு மூன்று கட்சிகளாகப் பிரிந்து நின்றாலும் வாக்குகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்து சேர்ந்துகொள்ளும். 'பிரிந்தால் அழிவோம்' என்ற பயமுறுத்தலுக்கு அங்கே பலம் குறைவு. கட்சிகள் வெளிப்படையாக வேறுபடலாம். வாக்காளர் தண்டிக்கப்பட மாட்டார்.

இது நமக்குப் புதியதும் அன்று. நமது விருப்பு வாக்கு என்பது வேறு. அது ஒரே பட்டியலுக்குள் மூவருக்குப் புள்ளடி இடுவது. ஒரே கட்சிக்காரர் ஒருவர் காலை ஒருவர் வாருவதற்கு வழி செய்தது. ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இடும் முறை ஆரம்பம் முதலே சட்டத்தில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில்தான் முதன்முறையாக இரண்டாவது எண்ணிக்கை தேவைப்பட்டது. பாலையூற்றில் ஒரு மூதாட்டியால் ஜனாதிபதிக்கு 1, 2 இட முடியுமென்றால், நாடாளுமன்ற உறுப்பினருக்கும் இட முடியும்.

இந்த முறையும் எதையும் இலவசமாகத் தராது. நான்கு ஆசனங்களுக்கு அங்குள்ள விதிப்படி 2024இன் வாக்குகளில் சுமார் 41 ஆயிரம் தேவை. தமிழ்ப் பட்டியலிடம் இருந்தது 34 ஆயிரம். மிச்சம் ஏழாயிரம், மற்றவர்களின் இரண்டாவது தெரிவாக வந்தாக வேண்டும்: தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்த தமிழரிடமிருந்தோ, மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள முஸ்லிம் வாக்காளரிடமிருந்தோ. அப்போது தமிழ் வேட்பாளர் கிண்ணியாவுக்குப் போய் வாக்குக் கேட்க வேண்டி வரும். முஸ்லிம் வேட்பாளர் சம்பூருக்கு வர வேண்டி வரும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் சுமார் 40 வீதம், தமிழர் முப்பதைச் சற்றுக் கடந்து, சிங்களவர் 27 வீதம் வாழும் மாவட்டத்தில் இது கெட்ட விடயமாகுமா? தற்போதைய முறை அப்படிப் போகிறவருக்கு எந்தப் பலனும் தருவதில்லை. தன் சமூகத்தைக் கூட்டிக்கட்டி நிறுத்துகிறவருக்கே தருகிறது.

இணைந்து ஆள முடியும் என்பதற்குக் கிழக்கிலேயே ஒரு சிறு அத்தியாயம் உண்டு. 2012 செப்டெம்பர் மாகாண சபைத் தேர்தலில் 37 ஆசனங்களில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. கூட்டமைப்பு முதலமைச்சர் பதவியையே முஸ்லிம் காங்கிரஸுக்கு விட்டுத்தர முன்வந்தும் அவர்கள் கொழும்பின் பக்கம் போனார்கள். 2015இல் கொழும்பில் ஆட்சி மாறியதும் அதே சபை, அதே எண்கள், வேறு கூட்டு: முஸ்லிம் காங்கிரஸின் முதலமைச்சர், கூட்டமைப்பின் இரு அமைச்சர்கள். அந்தச் சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. தேர்தல் முறையை மாற்றுவதாகச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. பழைய முறை நீக்கப்பட்டது. புதிய முறை நிறைவேறவில்லை. இடையில் சபையே காணாமல் போனது. தேர்தல் முறைச் சீர்திருத்தம் என்று யாராவது பேசும்போது இதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போன வாக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் தமிழர் முப்பது வீதத்துக்கு மேல். வீட்டுக்குக் கிடைத்தது 16.68 வீதம். வாக்களிக்கும் வீதம் எல்லாச் சமூகத்திலும் ஒன்றல்ல என்பதைக் கழித்துப் பார்த்தாலும், திருகோணமலைத் தமிழரில் ஏராளமானோர் வேறிடம் போயிருக்கிறார்கள். அவர்களைத் துரோகிகள் என்பது சுலபம், பிழையும் கூட. துறைமுகத்திலும் மாவாலையிலும் வேலை தேடும் பிள்ளைகளை வைத்திருக்கிற தாய், ஆளும் கட்சியில் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லதென்று நினைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய கட்சிக்குள் போய்க் குரல் கொடுப்பதும் ஒரு வழிதான். இலண்டனில் 2024இல் உமா குமரன் தொழிற்கட்சியிலிருந்து தெரிவானதைப் புலம்பெயர்ந்த நம் உறவுகள் கொண்டாடினார்கள். அங்கே சரியாக இருப்பதை இங்கே துரோகம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் பதின்மூவரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். 2006இல் துரத்தப்பட்ட சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கியது 2015க்குப் பிறகுதான். இவற்றைக் கட்சிக் கட்டளைக்கு உட்படாமல் எழுந்து கேட்கக்கூடிய ஒருவர் சபையில் இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. 159 பேரில் ஒருவராக இருப்பவர் அதைக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அவரைக் கேட்க வைக்க நம்மிடம் கருவி இல்லை. தனியாக நிற்கும் ஒருவர் கேட்காவிட்டால் அடுத்த முறை அவரை மாற்றலாம். அதற்கு அந்த ஒற்றை ஆசனம் முதலில் இருக்க வேண்டும்.

புதிய அரசியலமைப்புப் பேச்சு மறுபடியும் எழும்போது 2017இன் இடைக்கால அறிக்கையும் மேசைக்கு வரும். அதில் 233 உறுப்பினர்கள், அறுபது வீதம் தொகுதி, நாற்பது வீதம் விகிதாசாரம் என்ற கலப்பு முறை பரிந்துரைக்கப்பட்டது. தொகுதிப் பகுதியில் திருகோணமலைக்கு எத்தனை தொகுதி, மூதூர் மறுபடியும் பல அங்கத்தவர் தொகுதியாகுமா, நாற்பது வீதத்தை மாவட்ட மட்டத்தில் பகிர்வார்களா மாகாண மட்டத்திலா என்பவை கொழும்பில் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் மட்டும் பேசி முடிக்கும் விடயங்களாக இருக்கக் கூடாது. மாகாண மட்டத்தில் பகிர்ந்தால் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களின் மிச்ச வாக்குகள் ஒன்றாகச் சேரும். மாவட்ட மட்டத்தில் பகிர்ந்தால் இப்போதுபோல் மூன்று இடத்திலும் தனித்தனியே தேய்ந்து போகும். அறிக்கையில் ஒரு வரியாக வரும் இந்த வேறுபாடு நமக்கு ஓர் ஆசனம்.

அதற்கு முன்னரே மாகாண சபைத் தேர்தல் வந்தால், பழைய முறையில், திருகோணமலைக்குப் பத்து ஆசனங்கள். பத்து ஆசனத்தின் கணக்கு வேறு. 2012இல் இதே மாவட்டத்தில் தேசிய சுதந்திர முன்னணி பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்கோடு ஓர் ஆசனம் பெற்றது. அங்கே தமிழ்க் கட்சிகள் தனித்தனியே நின்று, தங்கள் கொள்கையைத் தங்கள் பெயரில் சொல்லி, எவருக்கு எவ்வளவு ஆதரவு என்று அளந்து பார்க்கலாம். பெரிய நட்டம் வராது. அளந்து பார்த்த பிறகு, நாடாளுமன்றத்துக்கான பட்டியலில் ஏழு பெயர்களை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதற்கும் ஓர் அடிப்படை கிடைக்கும். நியமனப் பத்திரம் கொடுக்கும் கடைசி இரவில், ஒருவர் வீட்டு விறாந்தையில் இருந்து சண்டை பிடித்து முடிவு செய்ய வேண்டியிருக்காது.